வெள்ளிக்கிழமைகளில் நின்ற கடிகாரம்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழேகாலுக்கு அக்காவின் மகள் பாசிர் கூடாங்கிலிருந்து அழைத்தாள். முந்தின நாள் மாலை, துணி மடித்துக்கொண்டிருந்தபோதே அம்மா சாய்ந்துவிட்டார் என்றாள். அழுது முடித்திருந்த குரல். நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் சொன்னது நினைவிருக்கிறது.

"அங்கிள், கருமாதிக்கு ஒரு சின்ன அட்டை அடிக்கிறோம். அம்மாவப் பத்தி ரெண்டு வரி எழுதித் தாங்க. நீங்கதான் தேதியெல்லாம் கரெக்டா வச்சிருப்பீங்க."

தேதிகள் இருக்கின்றன. அக்கா எங்கள் மாடிக்குக் குடிவந்த நாள், கிளம்பிப் போன நாள், இரண்டுக்கும் நடுவே மழை ஒழுகிய நாள்கூட என் நோட்டுகளில் இருக்கிறது. அட்டைக்கு அது போதும். ஆனால் எழுத உட்கார்ந்தால் வேறொன்று வந்து நிற்கிறது. அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் மற்றதை எழுத முடியும். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததே கிடையாது.

ஜொகூர் மாநிலத்துக் கூலாயில் ஓர் இரும்புச் சாமான் கடையின் மேல்மாடி அது. முன்னறையில் அக்கா, பின்னறையில் நான், நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரு சமையலறை. ஒன்பது ஆண்டுகள் அப்படி இருந்தோம். நான் ஒரு தொழிற்சாலையில் சரக்குக் கிடங்கு எழுத்தர். அவர் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. வரும்போது அவருக்கு ஐம்பது இருக்கும், எனக்கு முப்பத்தெட்டு. கணவர் இறந்து, ஒரே மகளும் கட்டிக்கொண்டு போன பிறகு தனியாக வந்தவர்.

அவரிடம் நான் முதலில் கவனித்தது சுவர்களைத்தான். ஒரு சுவரிலும் ஒன்றுமே இல்லை. நாட்காட்டி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. முருகன் படம் ஓர் அட்டைப்பெட்டியின் மேல், பின்னால் ஒரு செங்கல் முட்டுக்கொடுக்க நின்றது. முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் கம்பியில் நூலால் கட்டப்பட்டிருந்தது. காற்றடித்தால் அதில் தெரியும் முகமும் ஆடும். மகள் வாங்கித் தந்த சுவர் விசிறி அதன் பெட்டியைவிட்டு வெளியே வரவே இல்லை. கணவரின் படத்தைப் பிஸ்கட் டின்னில் துணி சுற்றி வைத்திருந்தார். ஆடி அமாவாசைக்கு எடுத்துக் கும்பிடுவார், சாயங்காலம் டின்னுக்குள் போய்விடும்.

"ஒரு ஆணி அடிச்சா என்னக்கா?" என்று ஒரு முறை கேட்டேன்.

"இது நம்ம சுவரு இல்ல தம்பி."

கடை முதலாளி சீனர். அவரைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். இதைக் கேட்டுவிட்டு அவரே ஒரு பொட்டலம் ஆணியோடு மாடியேறி வந்தார். கீழே கடை முழுக்க ஆணி விற்றுக்கொண்டு, மேலே ஒருத்தி ஆணியே இல்லாமல் இருப்பது தன் கடைக்கு மரியாதைக்குறைவு என்று நினைத்தாரோ என்னவோ. "தாப்பா லா அக்கா, பரவால்ல, அடி, அடி. நான் கோபிக்க மாட்டேன்" என்று கையை வீசினார்.

அக்கா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அவருக்கு ஒரு கோப்பை தேநீர் கொடுத்தார். பொட்டலம் பிரிக்கப்படாமல் அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்தது.

அந்த அறையில் நிமிர்ந்து நின்ற ஒரே பொருள் கடிகாரம். ஆளுயரக் கடிகாரம். என்னைவிட ஒரு சாண் உயரம். கருத்த மரப்பெட்டி, உச்சியில் பித்தளை முகப்பு, நடுவில் நீளமான கதவு. கதவைத் திறந்தால் உள்ளே பெண்டுலம் தொங்கும், அதன் இரு பக்கமும் கயிற்றில் இரண்டு கனத்த எடைகள். ஒன்று முள்ளை ஓட்ட, மற்றது மணியடிக்க. ஒரு மேல்மாடி வாடகை அறையில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே, அப்படியொரு பொருளைப் பார்ப்பது வெள்ளத்தில் ஒதுங்கிய பியானோவைப் பார்ப்பது போல இருக்கும்.

செடெனாக் என்ற ஊருக்கு உள்ளே இருந்த ஒரு தோட்டத்தில் மேனேஜர் பங்களாவில் அக்கா இருபத்திரண்டு வருடம் சமையலும் கூட்டுவதும் துடைப்பதுமாக இருந்தார். வெள்ளைக்காரர் காலத்திலிருந்தே அந்தக் கடிகாரம் அங்கே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அதற்குச் சாவி கொடுப்பது அவர் வேலை. தோட்டம் விற்றுப்போனதும் பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்து பங்களாவின் மேசை, நாற்காலி, கட்டில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டார். கடிகாரத்தின் அடிப்பலகையைக் கறையான் தின்றிருந்ததால் அதை மட்டும் வேண்டாம் என்றார். கடைசி மேனேஜர் அக்காவைப் பார்த்து, நீ எடுத்துக்கொள் என்றார்.

பங்களாச் சுவரோடு அதைப் பிடித்துவைத்திருந்த இரண்டு நீளமான பித்தளைத் திருகாணிகளை அக்காவே கழற்றினார். முதலில் எடைகளை இறக்கினார், அப்புறம் பெண்டுலத்தைக் கொக்கியிலிருந்து எடுத்தார். பெண்டுலத்தோடு தூக்கினால் அதை மேலே தாங்கும் மெல்லிய தகடு ஒடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். லாரியின் முன்சீட்டில் பெண்டுலத்தை மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தாராம்.

"கம்பி நீளம் தம்பி. வளைவு வந்தா குண்டு போய் டிரைவர் முட்டியில இடிக்குது. அவரு, 'அக்கா, நீங்க லைசன்ஸ் இல்லாம கியர் போடுறீங்க'ங்குறாரு."

அந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்பதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பெண்டுலத்துக்குக் களைப்பே வராதா என்று கேட்டபோது, வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னார்:

"யாரு சொன்னா களைக்கலன்னு? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் களைக்குது. கனம் கீழ இழுத்துக்கிட்டே இருக்கு பாருங்க, அத விட்டா பல்லுச்சக்கரம் கடகடன்னு சுத்தி ஒரு நிமிசத்துல கொட்டிரும். மேல ஒரு கொக்கி இருக்கு, நங்கூரம் மாதிரி. பெண்டுலம் இந்தப் பக்கம் போனா ஒரு பல்ல விடும். அந்தப் பக்கம் வந்தா இன்னொரு பல்லு. டிக், டாக். விடுறப்ப அந்தப் பல்லு பெண்டுலத்த லேசா ஒரு தட்டு தட்டும். அந்தத் தட்டுலதான் அதுக்கு உசுரு. பெருசால்லாம் தட்டக்கூடாது. களைச்ச அளவுக்கு மட்டும்."

ஆட்டத்தின் வேகம் குண்டின் கனத்தைப் பொறுத்ததல்ல, கம்பியின் நீளத்தைப் பொறுத்தது என்பதையும் அவர் அறிந்திருந்தார். குண்டுக்கு அடியில் ஒரு சின்ன நட்டு. அதைத் திருகிக் குண்டை ஏற்றினால் கடிகாரம் வேகமாகும், இறக்கினால் மெதுவாகும். ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருந்தால் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குச் சரியாக ஒரு விநாடி.

அந்த நட்டு திருகக்கூடிய கடைசி மரை வரை மேலே ஏறியிருந்தது. ஏன் என்று நான் தேடிப் படித்தேன். குளிர்நாட்டில் சரியாக ஓடிய கடிகாரம் நம் பக்கம் வந்தால் பின்தங்கும். பூமத்திய ரேகைக்கு அருகில் பூமியின் இழுப்பு ஒரு மயிரிழை குறைவு. வெயிலில் கம்பியும் சற்று நீண்டுவிடும். இதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"ஓ, நம்ம ஊர்ல பூமிக்கே இழுக்கச் சோம்பலா?" என்றார். "அது தெரியாம துரை என்னையில்ல திட்டுனாரு, சாவி ஒழுங்கா கொடுக்கலன்னு."

தன் வீட்டைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒரு தடவைதான் பேசினார். தைப்பூசத்துக்கு மறுநாள், கால்வலியோடு இருவரும் சமையலறையில் உட்கார்ந்திருந்தபோது.

தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், அவர் வீடு மூன்றாவது. காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தபோது, வீட்டைச் சுத்தமாக ஒப்படைக்க வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. அக்கா அந்த வரியை அப்படியே எடுத்துக்கொண்டார். கணவரின் குறடால் சுவரிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கல்யாணப் படத்து ஆணி, மகளின் பள்ளிப்பை ஆணி, விளக்கு ஆணி. பிடுங்கிய ஓட்டைகள் அசிங்கமாகத் தெரிந்தன. கடைக்குப் போய்ப் பற்பசை இரண்டு வாங்கிவந்து, ஒவ்வோர் ஓட்டையிலும் விரலால் வைத்து அடைத்து, ஈரத்துணியால் துடைத்தார். முழுசாக ஒரு நாள் ஆயிற்று. மறுநாள் காலை சாவியைத் தோட்டத்து எழுத்தரான கிராணியிடம் கொடுத்துவிட்டு சாமான்களோடு சாலையோரத்தில் லாரிக்குக் காத்திருந்தபோது, இயந்திரம் வந்து லயத்தை முதல் வீட்டிலிருந்து இடித்துக்கொண்டே போயிற்று. மூன்றாவது வீட்டுக்கு வர பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"சுவரு விழுறப்ப பற்பசை வாசன வந்துச்சு தம்பி," என்றார். "எனக்கு மட்டும்தான் வந்துச்சுபோல."

இடித்தவர்கள் ஒரு வாக்குறுதியும் கொடுத்திருந்தார்கள். தோட்டத்தை வாங்கிய நிறுவனம், லயத்தில் இருந்த ஒவ்வொரு குடும்பத்துக்கும் பக்கத்திலேயே ஒரு சிறிய வீடு கட்டித்தரும். பட்டியலில் அக்காவின் பெயர் பதினேழாவது. முத்திரை குத்திய அந்தக் கடிதத்தைப் பித்தளைத் திருகாணிகளோடும் கடிகாரச் சாவியோடும் ஒரே டின்னில் வைத்திருந்தார். இந்த மாடியை அவர் வீடு என்று சொன்னதே இல்லை. "ரூம்" என்பார். வீடு என்றால் அது பதினேழாம் எண். எந்தச் சுவரில் கடிகாரம், எந்தச் சுவரில் முருகன் என்பதெல்லாம் தீர்மானமாகியிருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

அப்போது ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வேலை வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். அக்கா ஞாயிறு காலை ஆறரைக்கு, வேலைக்குக் கிளம்பும் முன், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பார். எட்டு நாள் ஓட வேண்டிய கடிகாரம். ஆனால் வெள்ளிக்கிழமை காலை பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் நின்றுவிடும். பங்களாவில் ஒரு நாளும் நின்றதில்லையாம்.

"அரசாங்க ஜாம் லா, அரசாங்கக் கடிகாரம்," என்பார் தவுக்கே. "வெள்ளிக்கிழமை லீவு எடுத்துக்குது. நான்தான் திறந்து வச்சிருக்கேன்."

"அதுக்கு இந்த எடம் புடிக்கல," என்பார் அக்கா.

நின்றதும் அவர் ஒரு வேலை செய்வார். கைப்பேசியை எடுத்து, வீடு என்னாயிற்று என்று கேட்க அந்த நிறுவனத்தின் கோலாலம்பூர் அலுவலகத்தை அழைப்பார். நமக்கு விடுமுறை, அவர்களுக்கு வேலைநாள். மலாயில் பேசுவார். எதிர்முனையில் ஒரு பெண். இவர் பெயர் சொல்லத் தொடங்குமுன்னே அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஒலியைக் கூட்டி வைத்துத்தான் பேசுவார் என்பதால் பின்னறைவரை கேட்கும்.

"மக்சிக், பெலும்." அதாவது, அம்மா, இன்னும் இல்லை.

"சரிம்மா. சாப்பிட்டியா? அடுத்த வாரம் கூப்பிடுறேன்."

ஏழு ஆண்டுகள். நான் விளையாட்டாக எண்ணத் தொடங்கி, முந்நூறைத் தாண்டியதும் வெட்கப்பட்டு நிறுத்திவிட்டேன்.

கடிகாரம் ஏன் நிற்கிறது என்பது என்னை அரித்தது. தேதி குறிப்பவனுக்கு, தவறாமல் ஒரே கிழமையில் நடக்கும் எதுவும் சும்மா விடாது. நிற்கும் நேரத்தைப் பதினோரு வாரம் எழுதினேன். ஒரு வாரம் அக்கா காய்ச்சலில் படுத்திருந்து திங்கட்கிழமைதான் சாவி கொடுத்தார். அந்த வாரம் சனிக்கிழமை நின்றது. ஆகவே கிழமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சாவி கொடுத்து ஐந்தாம் நாள் உள்ளே ஏதோ நடக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை கடிகாரத்தின் கதவைத் திறந்து வைத்து, முன்னால் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே, "சீரியல் பாக்குறவங்க கூட இப்படிப் பாக்க மாட்டாங்க" என்றார். பத்தரை இருக்கும். ஐந்து நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிவந்த எடைகள் பெண்டுலக் குண்டின் உயரத்துக்கு வந்திருந்தன. அசையாமல் தொங்க வேண்டிய எடைகள் இலேசாக ஆடிக்கொண்டிருந்தன.

"அக்கா, இங்க வாங்க! எடை ஆடுது!"

அவர் கீரையோடு வந்து குனிந்து பார்த்தார். "அட, ஆமா. அதுக்கும் ஆசபோல."

காரணம் விளங்கிவிட்டது. கறையான் தின்ற அடிப்பலகைக்குப் பதிலாக மெல்லிய பலகை வைத்திருந்தார்கள். மாடியிலும் பலகைத் தரை. பெண்டுலம் ஆடும்போது பெட்டியே கண்ணுக்குத் தெரியாமல் கூட ஆடியது. எடைகள் இறங்கி, தொங்கும் நீளம் பெண்டுலத்தின் நீளத்துக்குச் சமமாகும்போது அந்த ஆட்டம் அவற்றுக்குத் தொற்றிக்கொள்கிறது. பெண்டுலத்துக்குக் கிடைக்கும் சிறு தட்டை எடைகள் வாங்கிக்கொள்கின்றன. பெண்டுலத்தின் வீச்சு குறைகிறது, பல்லை விடும் தூரத்துக்குப் போக முடிவதில்லை, நிற்கிறது. பங்களாவில் பெட்டி சுவரோடு திருகப்பட்டிருந்ததால் இது நேரவே இல்லை.

"சுவரோட சேத்து ரெண்டு திருகாணி போட்டா சரியாயிடும்க்கா."

"எந்தச் சுவரோட?"

"இந்தச் சுவரோடதான்."

சிரித்தார். "அங்க போய்ப் போட்டுக்கலாம் தம்பி. அதுவரைக்கும் நிக்கட்டும்." கைப்பேசியை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார்.

நான் அதோடு விட்டிருக்க வேண்டும்.

மறு ஆண்டு மகளுக்குப் பிரசவம். அக்கா நாற்பது நாளைக்குப் பாசிர் கூடாங் போனார். போகும்போது கடிகாரச் சாவி இருந்த டின்னை என்னிடம் கொடுத்து, "ஞாயித்துக்கெழம மறக்காம சாவி கொடுத்திருங்க. நின்னுச்சுன்னா நிக்கட்டும், தள்ளி விடாதீங்க" என்றார். மூன்றாவது வாரம் வழக்கம்போல நின்றது. நான் கீழே போய்த் தவுக்கேயிடம் சொன்னேன். அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. துளைபோடும் கருவியை அவரே தூக்கிக்கொண்டு மேலே வந்தார். பெட்டியின் முதுகுப்பலகையில் பழைய துளைகள் இரண்டு இருந்தன. அவற்றுக்குப் பொருந்தும் அளவில் கடையில் எதுவும் கிடைக்கவில்லை. அக்காவின் டின்னில் அந்தப் பித்தளைத் திருகாணிகள் இருந்தன. அவற்றையே போட்டோம். மட்டம் பார்த்தோம். "அக்கா வந்து பாத்தா அழுதிடும் லா," என்றார் தவுக்கே, சுவரைத் தட்டியபடி.

அடுத்த வெள்ளிக்கிழமையை நான் தாண்டினேன். கடிகாரமும் தாண்டியது.

அக்கா திரும்பிவந்தது ஒரு புதன்கிழமை. நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலை வேலைகளை முடித்துவிட்டு, கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பத்து அடித்தது. பதினொன்று. பன்னிரண்டு. அவர் எழுந்துபோய்க் கடிகாரத்தின் கதவைத் திறந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஆணியா தம்பி?"

"அளவு சரியா இருந்துச்சுக்கா."

"ம். சரியாத்தான் இருக்கும். அதோடதுதானே."

கதவைச் சாத்தினார். அதன்மேல் கையை வைத்தார். "நல்லா ஓடுது," என்றார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை சுத்தியல் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். அரிசி டின்னுக்குப் பின்னால் கிடந்த பொட்டலம் பிரிந்திருந்தது. நாட்காட்டி, முருகன், கண்ணாடி, கடைசியாகக் கணவரின் படம். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி. என் நோட்டில் அன்று எழுதியிருக்கிறேன்: "அக்கா இன்று ஆணி அடித்தார். ஏழு ஆண்டில் முதல் முறை. மனநிறைவு." மனநிறைவு என்ற சொல்லின் கீழே ஒரு கோடும் போட்டிருக்கிறேன்.

பின்னறைக்குக் கேட்டுக்கொண்டிருந்த அந்த மலாய்ப் பேச்சு அதன்பின் கேட்கவில்லை. நான் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் குறித்து வைப்பவன், இல்லாமல் போனதைக் குறிக்கவில்லை.

ஐந்து மாதம் கழிந்திருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம், சரோஜா என்று ஓர் அம்மாள் கீழே கடைக்கு வந்தார். லயத்தில் அக்காவுக்கு அடுத்த வீட்டுக்காரர். பூட்டும் கதவுக் கொக்கிகளும் வாங்கிவிட்டு, அக்கா மேலே இருக்கிறார் என்று தவுக்கே சொல்லக் கேட்டு மூச்சிரைக்க மாடியேறினார்.

"சாவி கெடச்சிருச்சுடி! எனக்குப் பதினாறு. உனக்குப் பக்கத்து வீடுதானே? ஏன் இன்னும் வந்து பாக்கல?"

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அவரிடம், "கேட்டுச் சொல்றேன் சரோஜா" என்றார். தேநீர் போடப் போனவர் சர்க்கரை போட மறந்து கொண்டுவந்தார். சரோஜா குடித்துவிட்டுப் போனார்.

அழைத்துப் பேசியது நான். பழைய பெண் வேலையை விட்டுப் போயிருந்தாள். புதிய குரல் கணினியில் தேடிச் சொன்னது: உறுதிக் கடிதம் எல்லாருக்கும் தபாலில் அனுப்பப்பட்டது. கையெழுத்திட்டுத் திருப்பி அனுப்பக் கெடு இருந்தது. பதினேழாம் எண்ணிலிருந்து பதில் வராததால் வீடு காத்திருப்போர் பட்டியலுக்குப் போய்விட்டது. எந்த முகவரிக்கு அனுப்பினீர்கள் என்று கேட்டேன். வாசித்தது. தோட்டத்தின் பெயர், லயம், மூன்றாம் வீடு.

இடித்துத் தரைமட்டமான வீட்டுக்குக் கடிதம் போயிருக்கிறது. மற்றவர்களில் சிலர் அலுவலகத்தை அழைத்துக் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தச் செய்தி அவர்களுக்குக் கிடைத்த வாரங்களில்தான் அக்கா அழைக்காமல் இருந்தார்.

நான் ஐந்து கடிதம் எழுதினேன். இரண்டு முறை நேரில் போனேன். ஒரே ஒரு பதில் வந்தது. வருத்தம் தெரிவித்திருந்தார்கள்.

அந்தப் பதிலை வாசித்துக் காட்டிய அன்றுதான் கேட்டேன். "ஏன்க்கா ஃபோன் போடுறத நிறுத்துனீங்க?"

அவர் சோற்றுப்பானையை இறக்கிவைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தார்.

"வெள்ளிக்கெழம அது நிக்கும்ல. நின்னா, ஐயோ, இது நம்ம வீடு இல்லன்னு நெனப்பு வரும். ஒடனே ஃபோன எடுப்பேன். அன்னிக்கு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், அது நிக்கவே இல்ல. சரி, அதுவே இங்க ஓட ஒத்துக்கிச்சு, நம்ம மட்டும் என்னன்னு..." பாதியில் விட்டார். "உங்க மேல ஒன்னுமில்ல தம்பி. நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க. நல்லாத்தான ஓடுது."

சமையலறைக்கு முன்னறைக் கடிகாரச் சத்தம் நன்றாகக் கேட்கும். அன்று இருவரும் அதைக் கேட்காத மாதிரி சாப்பிட்டோம்.

சரோஜா வீட்டுக்குப் பால் காய்ச்சும் நாள் குறித்தார்கள். லயத்துக்காரர் எல்லாருக்கும் அழைப்பு. அக்கா போகமாட்டார் என்று நினைத்தேன். முதல் நாளே வந்து, "தம்பி, கார்ல கூட்டிட்டுப் போறீங்களா? பஸ்ஸு உள்ள போகாது" என்றார். நல்ல சேலை கட்டிக்கொண்டார். ஒரு குத்துவிளக்கு வாங்கிக்கொண்டார்.

வரிசை வீடுகள். புதுச் சுண்ணாம்பு வாடை. பதினேழாம் வீட்டில் வேறு யாரோ குடியேறியிருந்தார்கள். வாசலில் சின்னச் செருப்புகள் கிடந்தன. அக்கா அந்த வாசலைத் தாண்டும்போது நடையைக் குறைக்கவில்லை.

பால் பொங்கியது. கூடத்தில் இருபது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். என் கையில் ஒரு கோப்பை பால். சரோஜாவின் கணவர் அக்காவிடம் உரக்கக் கேட்டார், "என்ன, நீ மட்டும் எங்க போயிட்ட? பக்கத்து வீட்டுல உன் மொகத்தப் பாக்கலாம்னு இருந்தோம். பேரு விட்டுப்போச்சா?"

எல்லாரும் திரும்பினார்கள். நான் சொல்ல வேண்டிய இடம் அது. என் வாயில் சொற்கள் தயாராக இருந்தன.

"விட்டுப்போகல்லாம் இல்ல. நான்தான் வேணாம்னுட்டேன்," என்றார் அக்கா.

"வேணாம்னியா? பைத்தியமா ஒனக்கு? ஏழு வருசமா நாக்கு தேயக் கேட்டுட்டு!" என்றார் சரோஜா.

"கேக்குறது வேறடி. கெடைக்கப்போவுதுன்னதும் பயமாப் போச்சு. ஒத்தையா இங்க வந்து என்ன செய்ய? அங்க தம்பி பக்கத்துல இருக்காரு. ஒடம்பு முடியலன்னா ஒரு கதவத் தட்டுனா போதும். ரொம்ப நல்லாப் பாத்துக்குறாரு." என் பக்கம் கையை நீட்டினார். "அதான், யாருக்காச்சும் புள்ளகுட்டிக்காரங்களுக்குக் குடுங்கன்னு சொல்லிட்டேன்."

கூடம் முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது. வயதான ஒருவர் என் தோளைத் தட்டி, "இந்தக் காலத்துல இப்படி யாருப்பா இருக்காங்க" என்றார். இன்னும் கொஞ்சம் பால் ஊற்ற யாரோ வந்தார்கள்.

நான் கோப்பையை நீட்டினேன்.